மண்டிக்காரர் தாத்தா வந்த நாவல்

எங்கள் குடும்பத்தில் மேடை ஏறிப் புத்தகம் படித்த முதல் ஆள் யார் என்று கேட்டால் இன்றைக்கும் என் அத்தையைத்தான் சொல்வார்கள். இரண்டாவது ஆள் நான். அதே மேடை, அதே நாள், அதே புத்தகம். அத்தைக்குப் பின்னால் ஏறியதால் எனக்கு வரவேண்டிய பேரெல்லாம் அவளுக்கே போய்விட்டது. சின்ன வயசில் எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. இப்போது பெருமைதான், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. கேட்கிறவர்கள் ஓடிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊர் ஆந்திராவில், சித்தூரை அடுத்த பங்காருபாளையத்துக்குப் பக்கம், வீட்டில் பேசுவது தமிழ். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. திறந்த கதவு வழியாக உள்ளே யார் வந்தார்களோ எனக்குத் தெரியாது. வெளியே போனவர்களைத் தெரியும். எங்கள் காலனி ஆம்பிளைகள் பாதிப் பேர் போய்விட்டார்கள். நைனா பெங்களூரில் கட்டட வேலை. அத்தை புருஷன் குவைத்தில் டிரைவர். அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தில் அம்மா வேர்க்கடலை போட்டாள். கடலை பிடுங்கி முடிந்தால் வேறு வேலை கிடையாது. மாங்காய் சீசன் வந்தால்தான் பெண்கள் கையில் நாலு காசு நிற்கும். ஊரிலிருந்த பெண்களெல்லாம் மண்டிக்கு மாங்காய் பிரிக்கப் போவார்கள், பள்ளி லீவு என்பதால் நானும் அத்தை சேலையைப் பிடித்துக்கொண்டு போவேன்.

மண்டி என்றால் பெரிய தகரக் கொட்டகை. வைக்கோல் பரப்பி அதன்மேல் மலை மலையாக மாங்காய் கொட்டியிருக்கும். பெங்களூரா ரகம் தனி, நீலம் தனி. ஜூஸ் கம்பெனிக்குப் போவது ஒரு பக்கம், பெட்டியில் அடுக்கி வடக்கே போவது ஒரு பக்கம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரிப்பார்கள். மாம்பால் பட்டுக் கையெல்லாம் கொப்புளம். அதற்கு யாரும் அழ மாட்டார்கள், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் வருவார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்காது. மண்டி கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. எங்கள் ஆட்கள் அதன் அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாங்காய் லட்சுமியாம், செருப்புக்கால் ஆகாதாம். சித்திரை வெயிலில் கேட்டிலிருந்து கொட்டகை வரை உள்ள கருங்கல் ஜல்லி எப்படிக் காயும் என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் குதித்துக் குதித்துப் போவோம். லாரி டிரைவர் செருப்போடு போவான், தரகர் செருப்போடு போவார், ஜூஸ் கம்பெனி ஆபீசர் பூட்ஸோடு காயை எட்டி உதைத்துப் பார்ப்பார். லட்சுமி அவர்களை ஒன்றும் சொல்வதில்லை. இதை நான் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டபோது அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பெட்டிக்கு அடியில் போடுவதற்குச் சென்னையிலிருந்து பழைய பேப்பர் மூட்டை வரும். அதில்தான் அந்தப் புத்தகம் அத்தை கண்ணில் பட்டது. அட்டை இல்லை. எழுதியவர் பேர் இருந்த தாளும் இல்லை. கடைசிப் பக்கங்களில் கொஞ்சம் செல்லரித்திருந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எழுதிய நாவல் என்பது உள்ளே வரும் துரைகளையும் தாசில்தாரையும் பார்த்தால் தெரிந்தது. அத்தை வேலூர்ப் பக்கம் தாய்மாமன் வீட்டில் தங்கி எட்டாவது வரை தமிழில் படித்தவள். நான் தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் போர்டும் பழைய பேப்பரும் பார்த்து, எழுத்துக் கூட்டிப் பழகிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் சும்மா நாலு பக்கம் படித்துக் காட்டினாள். மறுநாள் வேலை நேரத்திலேயே படி என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். படிக்கிறவள் எப்படி மாங்காய் பிரிப்பாள்? அதற்கு அவர்களே ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் கூடையை நிரப்பும்போது ஒரு கை காய் எடுத்து அத்தை கூடையில் போட்டுவிடுவாள். அத்தை பக்கத்தைப் புரட்டப் புரட்டப் பக்கத்தில் அவள் கூடை தானாக நிரம்பும். மேஸ்திரி முதலில் கத்தினான். அப்புறம் கதை ஓடும்போது யாரும் தண்ணிக்கு எழுந்திருப்பதில்லை, வம்பு பேசுவதில்லை, கைகள் மட்டும் வேகமாக ஓடுகின்றன என்று கண்டுகொண்டு வாயை மூடிக்கொண்டான். போகப் போக அவனே தூணுக்குப் பின்னால் நின்று பீடி பிடித்தபடி கேட்க ஆரம்பித்தான்.

கதை ஒரு பண்ணையாளைப் பற்றியது. நிலத்தைப் பண்ணையாருக்கு உழுகிறான், வரியைத் துரைக்குக் கட்டுவதாகக் கைநாட்டு வைக்கிறான், வயிற்றுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எழுதியவர் நல்ல மனுஷன்தான், ஆனால் எங்கள் வட்டத்தில் அவருக்குத் தினமும் அர்ச்சனை நடக்கும். நாற்று நடும்போது கதாநாயகி கூந்தல் அவிழ்ந்து கண்ணீர் விடுகிறாள் என்று எழுதியிருந்தார். இடுப்பு நிமிர்த்த நேரமில்லாதபோது எவள் அழுவாள், அதுவும் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சேற்றில், என்று ஒருத்தி கேட்டாள். கூழ் காய்ச்சுவதையும் தப்பாக எழுதியிருந்தார். பாவம், அந்த ஆள் அடுப்பாண்டை போனதேயில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் பண்ணையார் வீட்டம்மாள் கொல்லைப்புறத்தில் நின்று, தன் கை பட்டுவிடாமல் உயரத்திலிருந்து பண்ணையாள் கையில் கூழை ஊற்றுகிற இடம் வந்தபோது எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. "இத பாத்துக்கினு இருந்துதான் எயுதிக்கிறான்" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு அவரை மன்னித்துவிட்டார்கள். அடுப்பு விஷயத்தில் மட்டும் கடைசி வரை மன்னிக்கவில்லை.

இங்கேதான் அத்தை ஒரு வேலை செய்தாள். புத்தகத்தில் வருவது காவிரிக்கரை. எங்கள் பெண்களுக்குக் காவிரியும் தெரியாது, அந்த ஊர்களும் தெரியாது. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் கதை எங்கே ஓடும்? அதனால் காவிரி என்று போட்டிருந்த இடத்தில் எங்கள் ஏரி வாய்க்கால் என்று படித்தாள். ஏதோ மங்கலம் என்று முடிகிற ஊர்ப்பேர் வந்தால் எங்கள் ஊர்ப்பேரைச் சொன்னாள். நெல் களத்தைக் கேழ்வரகுக் களமாக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. அத்தை, இதில் அப்படி இல்லையே என்று காதில் சொன்னேன். "கம்முனு இரு, அவங்களுக்குப் புரியணும் இல்ல" என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பரீட்சையில் அப்படி எழுதினால் சுழி போடுவார்கள்.

ஒருநாள் செருப்பு அத்தியாயம் வந்தது. பண்ணையாளின் அண்ணன் ரங்கூனுக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு, காலில் செருப்போடு ஊர் திரும்புகிறான். பண்ணையார் தெருவில் அதோடு நடந்துவிடுகிறான். அவர் அவனைப் பிடித்து, செருப்பை அவன் தலைமேல் வைத்து, ஏரிக்கரையில் பொழுது சாயும்வரை நிற்கவைக்கிறார். ரங்கூன் என்றால் யாருக்குத் தெரியும்? அத்தை கோலார் தங்கவயல் என்று படித்தாள். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் போனது அந்தச் சுரங்கத்துக்குத்தான்.

எதிர்வீட்டுப் பெரியம்மா கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். அவள் மண்டியிலேயே வயசானவள், அதிகம் பேசமாட்டாள். செருப்பே வாங்கியதில்லை, அதனால் வேப்பமரத்தடியில் அவளுக்கு நிற்க வேண்டிய வேலையும் இல்லை.

"அது எங்க நைனா," என்றாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் அப்பா தங்கவயலிலிருந்து செருப்பு போட்டுக்கொண்டு வந்தவர். அவரை ஏரிக்கரையில் நிற்கவைத்தவர் எங்கள் மண்டிக்காரரின் தாத்தா. அப்போது பெரியம்மா இடுப்புக் குழந்தை. அவள் அம்மா சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அம்மாவும் ஒரே ஒரு தடவைதான் சொன்னாளாம். அவர் அதற்குப் பிறகு சாகிற வரை செருப்புப் போடவில்லையாம். இதையெல்லாம் எவன் போய் எழுதுகிறவனிடம் சொன்னான் என்று பெரியம்மா அத்தையைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் தன் பேரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தவள் போல இருந்தாள்.

அத்தை புத்தகத்தை மூடிவிட்டாள், அன்றைக்கு அதற்குமேல் படிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் பண்ணையார் என்று படிப்பதையே விட்டுவிட்டாள். மண்டிக்காரர் தாத்தா என்றே படித்தாள். எங்கள் வட்டத்தில் ஒருத்திக்கும் சந்தேகம் இல்லை: இது நம்ம ஊர்க் கதை, அச்சுப் போட்டு வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட சேதி எத்தனை நாள் கொட்டகைக்குள் கிடக்கும்? தூணுக்குப் பின்னால் நின்ற மேஸ்திரி முதலாளியிடம் நல்ல பேர் வாங்க நினைத்து, உங்கள் தாத்தா பேர் புத்தகத்தில் வந்திருக்கிறது சாமி என்று சொல்லிவிட்டான். என்ன வந்திருக்கிறது என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. அவரும் கேட்கவில்லை. பெரியவர்களைப் பற்றிப் புத்தகத்தில் நல்லதைத் தவிர வேறென்ன எழுதுவார்கள் என்பது அவர் நினைப்பு.

அவருக்கு அப்போது ஒரு குறை இருந்தது. மூத்த மகன் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா கிளம்பிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெண் கொடுக்கப் பேசியிருந்த சம்பந்தி திருப்பதிக்காரர். அவருடைய தாத்தா கட்டிய சத்திரம் திருப்பதியில் இருந்தது, வாசலில் கல்லில் பேர் வெட்டியிருக்கும். எந்தப் பேச்சை எடுத்தாலும் சம்பந்தி அந்தக் கல்லில் வந்துதான் நிற்பாராம். இப்போது மண்டிக்காரருக்குப் புத்தகமே கிடைத்துவிட்டது. மகனுக்குத் திருமலையில் மொட்டை போட்டுக் கூட்டிவந்து, மண்டி மைதானத்தில் பந்தல் போட்டு விருந்து வைக்கப்போகிறார். அதில் அத்தை அந்த இடத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

எங்கள் வீட்டில் இழவு விழுந்தது மாதிரி ஆகிவிட்டது. கொட்டகையில் படித்த மாதிரியே படித்தால் சீசன் நடுவில் அத்தையோடு சேர்த்து எங்கள் காலனிப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும். அத்தை மாற்றிப் படிப்பதை நான் அம்மாவிடம் உளறிவிட்டிருந்தேன், அம்மா கெஞ்சினாள். நீதான் வாயால மாத்துறவளாச்சே, தாத்தா கிணறு வெட்டினார், கோயில் கட்டினார் என்று நாலு வரி மாற்றிப் படித்துவிட்டு வா, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். பெரியம்மா வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள்.  கிணறு வெட்டினார் என்று படித்தால் அது இவள் அப்பாவை இன்னொரு முறை கரையில் நிற்கவைப்பது மாதிரி என்று எனக்கே தோன்றியது. அத்தை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முடிவுக்கு வந்துவிட்டால் தலைக்கு எண்ணெய் தேய்ப்பாள், அது எங்களுக்கெல்லாம் தெரியும்.

விருந்தன்று ஜல்லிமேல் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். நாற்காலிகளில் சம்பந்தி வீட்டார், சித்தூரிலிருந்து வந்த பெரிய மனுஷர்கள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மகன். எங்கள் பெண்கள் செருப்பில்லாமல் பந்தல் ஓரத்தில் நின்றார்கள். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்களுக்குத் தமிழ் காதால் கேட்டால் புரியும், எழுத்துத்தான் தெரியாது. மண்டிக்காரர் எழுந்து, கல்லில் பேர் வெட்டுவது காசு இருந்தால் யாரும் செய்யலாம், புத்தகத்தில் தானாக வருவதுதான் பேர் என்று சம்பந்தியைப் பார்த்தபடி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அத்தை மேடை ஏறினாள். செருப்பு அத்தியாயத்தை எடுத்தாள். எங்கள் ஊர்ப்பேர், எங்கள் ஏரி, மண்டிக்காரர் தாத்தா, எல்லாவற்றையும் கொட்டகையில் படித்தது போலவே படித்தாள்.  முதல் நாலு வரிக்கு மண்டிக்காரர் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார், தங்கவயலிலிருந்து திரும்பியவனுக்குத் தாத்தா ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார் என்று நினைத்திருப்பார். செருப்பு தலைக்கு ஏறியதும் அவர் தலை ஆடுவது நின்றது.  சம்பந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாவகாரு என்று முறை சொல்லிக் கூப்பிட்டு, இது உங்கள் தாத்தாதானா என்று தெலுங்கில் கேட்டார். கேட்ட விதத்தில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

மண்டிக்காரர் எழுந்துவிட்டார். எவன் எழுதினது, எங்கே இருக்கிறது எங்கள் பேர், காட்டு என்று சத்தம் போட்டார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை, என்னைப் பார்த்தாள். நான் படித்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள் சாமி, எங்கள் பிள்ளை படிக்கட்டும் என்று சொல்லி என்னை மேலே கூப்பிட்டாள். அவளே பக்கத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தாள்.

 இருக்கிறபடி படித்தால் அத்தை பொய்க்காரி. அத்தை மாதிரிப் படித்தால் இந்த மனுஷன் எங்களை என்ன செய்வாரோ. பந்தல் ஓரத்தில் பெரியம்மா நிற்பதும் தெரிகிறது. நான் அத்தை முகத்தைப் பார்த்தேன்.

"இன்னா போட்டுக்கீதோ அதப் படி," என்றாள்.

படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் திக்கவில்லை. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். ரங்கூன் என்று படித்தேன். காவிரி என்று படித்தேன். மங்கலத்தைப் படித்தேன். பண்ணையார் என்று மட்டும்தான் இருந்தது, பேர் இல்லை. அத்தை அதோடு விடாமல் முன்னால் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்த முகவுரையையும் எடுத்துக் கொடுத்தாள். இக்கதையிற் கண்ட ஊர் இப்பூமியில் எங்கும் இல்லை, இதில் வரும் மனிதர் யாவரும் கற்பனையே என்று அதில் இருந்தது. அதையும் படித்தேன்.

மண்டிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரிதாகச் சிரித்தார். சம்பந்தியின் தோளைத் தட்டி, கேட்டீர்களா, எங்கோ காவிரிக்கரையில் எவனோ பண்ணினது, அதுவும் கட்டுக்கதை என்றார். அவருக்கு அதோடு விட முடியவில்லை. எங்கள் வம்சத்தில் அப்படிப்பட்ட ஆள் கிடையாது, எங்கள் ஊரில் செருப்புப் போட்டதற்கு யாரையும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அன்றைக்கும் இல்லை இன்றைக்கும் இல்லை என்று தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னார். மகன் வேறு அதற்கு இங்கிலீஷில் ஏதோ ஒத்து ஊதினான்.

அத்தை கையைக் கூப்பினாள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நம்ம ஊர்ல அந்தப் பயக்கமே இல்லன்னு சொல்லிட்டீங்க சாமி. அப்ப எங்க செருப்பு மட்டும் ஏன் கேட்டாண்ட கெடக்குது?"

 சம்பந்தி திரும்பி மண்டி கேட்டுப் பக்கம் பார்த்தார். வேப்பமரத்தடியில் ஹவாய் செருப்புகள் ஒரு குவியலாக, மாங்காய் குவித்த மாதிரியே கிடந்தன. அவர் அதைப் பார்த்தார், ஜமக்காளத்தின்மேல் இருந்த தன் பூட்ஸைப் பார்த்தார், பிறகு மண்டிக்காரரைப் பார்த்தார். மண்டிக்காரர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். எவன்டா இவர்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னது, நீயா, லட்சுமி கிட்சுமி என்று ஜனங்களைப் பயமுறுத்துகிறாயா என்று அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டார். பாவம் மேஸ்திரி. அவன் அப்பன் காலத்திலிருந்து வந்த உத்தரவு அது. ஆமாம் சாமி, தப்புதான் சாமி என்று ஒத்துக்கொண்டான். ஊரான் ஊட்டுப் பழி ஓட்டாண்டி தலையில் என்று அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று எங்களுக்கும் இலை போட்டார்கள். லட்டு இருந்தது. எனக்கு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை பேர் முன்னால் அத்தையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன், பெரியம்மா அப்பாவுக்கு நடந்ததைக் கட்டுக்கதை என்று என் வாயாலேயே படித்துவிட்டேன் என்று எனக்கு ஆற்றாமை. அம்மா சமாதானம் சொன்னாள். அத்தையோ லட்டைப் பாதியாகப் பிட்டு என் வாயில் திணித்துவிட்டு, நல்லாப் படிச்சே, துன்னு என்று மட்டும் சொல்லிவிட்டு, குவைத்துக்கு மாமாவுக்கு எழுத உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மேடைக்கு ஏறுவதற்கு முன்பே எல்லாம் யோசித்து வைத்திருந்தாள் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. தாத்தா செய்தார் என்று அவள் நிரூபித்திருந்தால் அவர் அடித்துத் துரத்தியிருப்பார். எங்கள் ஊரில் அப்படி இல்லை என்று அவர் வாயாலேயே, அதுவும் சம்பந்தி முன்னால், சொல்லவைக்க வேண்டும். அதற்கு முதலில் அவருக்குப் பயம் வர வேண்டும், பிறகு அந்தப் பயம் போக வேண்டும். பயத்தை அவள் படித்தாள். போக்குவதற்கு என்னைப் படிக்கவைத்தாள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. எட்டாவது படித்தவள், சொல்லுங்கள்.

அந்த நாவலை எழுதியவர் யார் என்று காலேஜ் போன பிறகு தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து நாவல்கள் நிறையப் படித்தேன். பல முகவுரைகளிலும் அதே சத்தியம்: ஊர் இல்லை, ஆள் இல்லை, எல்லாம் கற்பனை. துரை காதில் விழுந்தால் புத்தகத்தைப் பறித்துக்கொள்வான், பண்ணையார் காதில் விழுந்தால் ஆளையே அடிப்பார். அதனால் எழுதியவர் ஊர்ப்பேரையும் ஆள்பேரையும் அழித்துவிட்டு நடந்ததை மட்டும் வைத்தார். அந்தக் காலியிடத்தில் எந்த ஊர்ப் பேரும் சரியாகப் பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, என் அத்தைக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். ஒருத்தி காலில் அவசரமாகத் தேய்த்துக் கழுவிய செருப்பு, ஒருத்தி காலில் இரவல் வாங்கியது, ஒருத்திக்கு வாரில் ஊக்கு. கேட்டில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எதிர்ப்பக்கம் திரும்பி மரத்தில் ஏதோ காக்காயைப் பார்த்தான். அத்தை நிற்காமல் உள்ளே போனாள். ஜல்லியில் எங்கள் செருப்பு அழுந்துகிற சத்தம் அன்றைக்குத்தான் நான் கேட்டேன். வழக்கமாகக் கேலி பேசிச் சிரித்துக்கொண்டே வருகிற கூட்டம் அன்று குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தது. ஜல்லியைத் தாண்டியதும் அவரவர் கூடையைத் தேடிப் போய்விட்டார்கள்.

பெரியம்மா கடைசியாக வந்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் விட்டுவிட்டுப் போன ஆம்பிளைச் செருப்பைப் போட்டிருந்தாள். அவள் காலுக்கு அது இரண்டு பங்கு. கழன்றுவிடாமல் இருக்க விரலை மடக்கிக்கொண்டு, தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். பிறகு திரும்பி, அதே மாதிரித் தேய்த்துக்கொண்டு வெளியே போனாள். மறுபடி வந்தாள். ஏதோ கீழே விழுந்துவிட்டது, தேடுகிறாள் என்று நினைத்து நான் அவளிடம் ஓடினேன்.

இன்னா பெரியம்மா, எதுக்குத் திரும்பிப் போனே என்று கேட்டேன்.

"எங்க நைனாவ இட்டுக்கினு வரப் போனேன்மா," என்றாள்.

நான் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ரோட்டில் மாங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்துகொண்டிருந்தது, வேறு ஆள் யாரும் இல்லை. யாரையும் காணோமே பெரியம்மா என்று சொன்னேன்.